அம்மா வீட்டுக்குப் போட்ட ஸ்மார்ட் கருவிகள்: எதற்குக் காசு தகும், எதற்குத் தகாது

சிங்கப்பூரில், அங் மோ கியோவில் ஒரு மூவறை வீட்டில் அம்மா தனியாக இருக்கிறார். வயது 79. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை, ராத்திரி சட்டென்று எழுந்தால் தலைசுற்றல், முன்பு குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்து தேறியவர். மற்றபடி கணக்குவழக்கு எல்லாம் விரல் நுனியில். பணிப்பெண் வேண்டாம், பொங்கோலில் இருக்கும் என் வீட்டுக்கும் நிரந்தரமாக வரமாட்டேன், "என் அடுப்படி என் கையில் இருக்கிறவரைக்கும் நான் இங்கேதான்" என்கிறார். அதை மதிக்க வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். அதனால் இங்குள்ள ஒரு நிறுவனத்திடம் முதியோருக்கான ஸ்மார்ட் வீட்டுத் தொகுப்பு ஒன்றை வாங்கிப் போட்டோம்: மூன்று அசைவு உணரிகள், வாசல் கதவுக்கு ஒரு உணரி, விழுந்தால் கண்டுபிடிக்கும் ராடார் இரண்டு, கழுத்தில் மாட்டும் அவசரப் பொத்தான், பேசினால் கேட்கும் ஒலிபெருக்கி, எங்கள் கைப்பேசிக்கு ஒரு செயலி, மாதச் சந்தா. ஒரு வருடத்துக்கும் மேல் ஓடிவிட்டது. நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை, ஏனென்றால் கிட்டத்தட்ட இதே பொருள்களை வேறுவேறு பெட்டியில் போட்டுப் பலரும் விற்கிறார்கள், நான் சொல்லப்போவது எல்லாருக்கும் பொருந்தும்.

என் கருத்து இதுதான். அம்மா தன் கையால் தொட்டுப் பயன்படுத்துகிற கருவிகள் ஏறக்குறைய எல்லாமே கொடுத்த காசுக்குத் தகும். அம்மாவை நாங்கள் பார்த்துக்கொண்டே இருப்பதற்காக வைத்த கருவிகளில் பாதி, எங்கள் பயத்தைத் தணிக்க வாங்கியவை. வாங்குவதற்கு முன் ஒவ்வொரு பொருளையும் எடுத்து "இது அவருக்கா, நமக்கா" என்று கேட்டுப் பாருங்கள், பட்டியல் தானாகவே சுருங்கிவிடும்.

ஆகச் சிறந்த பொருளில் இருந்து தொடங்குகிறேன், அது தொகுப்பிலேயே கிடையாது. கட்டிலுக்கு அடியிலும், படுக்கையறையில் இருந்து குளியலறை போகும் சுவரின் கீழ்ப்பக்கத்திலும் ஒட்டிய அசைவு விளக்குகள். காலைக் கீழே வைத்ததும் மங்கலான மஞ்சள் வெளிச்சம் தரையில் மட்டும் விழும், திரும்பி வந்து படுத்ததும் அணைந்துவிடும். இணையம் வேண்டாம், செயலி வேண்டாம், சந்தா வேண்டாம், யூஎஸ்பியில் மின்னேற்றினால் போதும். மேலே இருக்கும் பெரிய விளக்கைப் போட்டால் கண் கூசுகிறது, தூக்கம் போகிறது என்று அம்மா இருட்டிலேயே தடவிக்கொண்டு போவார், அதுதான் ஆபத்தாக இருந்தது. இப்போது இல்லை. வெள்ளை வெளிச்சம் தருவதை வாங்காதீர்கள், மஞ்சள்தான் ராத்திரிக்கு நல்லது. அப்புறம், விளக்குக்கு முன்னால் கூடை, செருப்பு எதுவும் வந்து உட்காராமல் பார்த்துக்கொள்ளுங்கள், உணரி மறைந்துவிட்டால் விளக்கு எரியாது.

இன்னொன்றையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். எந்தத் தொழில்நுட்பத்துக்கும் முன்னால் வீவகவின், அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின், ஈஸ் திட்டத்துக்கு விண்ணப்பம் போடுங்கள், முதியோருக்கு ஏற்ப வீட்டை மாற்றித் தருகிற திட்டம் அது. கைப்பிடிக் கம்பிகள், குளியலறைத் தரை வழுக்காமல் இருக்கச் செய்யும் பூச்சு, சாய்தளம் எல்லாம் அதில் வரும். 2024 ஏப்ரலில் இருந்து அதன் விரிவாக்கமும் நடப்பில் இருக்கிறது, மடித்து வைக்கும் குளியல் இருக்கை போன்றவற்றையும் சேர்த்திருக்கிறார்கள். 65 வயதாகியிருந்தால் போதும், 60 முதல் 64 வரை உள்ளவர்களும் அன்றாட வேலைகளில் ஒன்றுக்காவது மற்றவர் உதவி தேவைப்பட்டால் விண்ணப்பிக்கலாம். குடிமக்களுக்கு வீட்டு வகையைப் பொறுத்து 87.5 முதல் 95 விழுக்காடு வரை அரசாங்கமே கொடுத்துவிடுகிறது. விழுந்ததைக் கண்டுபிடிக்க ஐந்நூறு வெள்ளி செலவழிப்பதற்கு முன்னால், விழாமல் இருப்பதற்கு இந்தச் சிறு தொகையைக் கட்டிவிடலாம்.

சரி, ராடாருக்கு வருகிறேன். இதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. சின்னப் பெட்டி, சுவரில் மாட்டுவது. 60 கிகாஹெர்ட்ஸ் அளவில் அலைகளை அனுப்பி, உடம்பில் பட்டுத் திரும்புவதை வைத்து ஆள் எங்கே இருக்கிறார், எவ்வளவு உயரத்தில் இருக்கிறார், திடீரென்று கீழே போனாரா என்று கணக்குப் போடுகிறது. படம் எடுக்காது. உடம்பில் எதையும் மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை. குளியலறைக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை, ஏனென்றால் அங்கே கேமரா வைக்க முடியாது, கழுத்துப் பொத்தானையும் குளிக்கும்போது நிறையப் பேர் கழற்றி வைத்துவிடுவார்கள். வாளி கீழே விழுந்தபோதுகூட அது ஏமாறவில்லை. குளியலறை ராடாருக்கு என் முழு மதிப்பெண்.

ஆனால் கூடத்தில் வைத்த ராடார் எங்களைப் பாடாய்ப் படுத்திவிட்டது. அம்மா கீரை ஆய்வது தரையில். வெங்காயம் உரிப்பது தரையில். சாமி அலமாரி முன்னால் விளக்கு ஏற்றிவிட்டுக் கீழே விழுந்து கும்பிடுவார், மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் கட்டிலுக்குப் போகாமல் மின்விசிறிக்கு அடியில் பாயை விரித்துப் படுப்பார். அந்தக் கருவிக்கு இது எல்லாமே விழுந்த கணக்குதான். அலுவலகத்தில் கூட்டத்தில் இருக்கும்போது கைப்பேசி அலறும், நான் வெளியே ஓடிவந்து அழைத்தால் அம்மா சாவகாசமாக "கீரை ஆய்ஞ்சிக்கிட்டு இருக்கேன்மா" என்பார். நிறுவனத்திடம் சொன்னோம். வந்த பதில், "அம்மாவை நாற்காலியில் உட்காரச் சொல்லுங்கள்". எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. 79 வயதில் ஒருவரால் தரையில் உட்கார்ந்து யார் கையையும் பிடிக்காமல் எழுந்திருக்க முடிகிறது என்றால் அது எவ்வளவு பெரிய பலம்! கால் தசை, இடுப்பு, உடம்பின் சமநிலை எல்லாம் வேலை செய்கிறது என்று அர்த்தம். ஒரு பெட்டிக்குப் புரியவில்லை என்பதற்காக அதை நிறுத்தச் சொல்வதா? தரையில் வாழ்கிற மனிதர்கள் உலகத்தில் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள், நம் வீடுகளில் பாய் போடாத வீடு எத்தனை? கருவியைத்தான் வீட்டுக்கு ஏற்ப மாற்ற வேண்டும்.

கடைசியில் ஒரு நல்ல தொழில்நுட்பர் வந்தார், இளைஞர், பொறுமையானவர். செயலியில் கூடத்தைக் கட்டங்களாகப் பிரித்து, சாமி அலமாரிக்கு முன்னால் இருக்கும் இடத்தையும் பாய் போடும் இடத்தையும் கணக்கில் இருந்து எடுத்துவிட்டார். அலறல் நின்றது. ஆனால் அப்புறம் அந்த ராடார் பார்ப்பது சோபாவையும் தொலைக்காட்சியையும் மட்டும்தான், அதற்கு எதற்கு ஒரு கருவி? இன்னொரு தொல்லையும் இருந்தது. அம்மா சந்தைக்குப் போகும்போது மின்விசிறியை அணைக்காமல் போனால், சுற்றுகிற இறக்கையைப் பார்த்துவிட்டு ஆள் இருக்கிறார் என்றே கருவி நினைத்துக்கொண்டிருக்கும். இந்த ஊரில் மின்விசிறி சுற்றாத வீடு உண்டா? அதனால் கூடத்து ராடாரைக் கழற்றிவிட்டோம். வாங்குகிறவர்கள் முதலிலேயே கேளுங்கள்: இடங்களைப் பிரித்து ஒதுக்க முடியுமா, விழுந்ததாகத் தெரிந்த பிறகு எத்தனை விநாடி காத்திருந்து செய்தி அனுப்பும், அந்தக் காத்திருப்பை நாமே மாற்ற முடியுமா. மூன்றுக்கும் தெளிவான பதில் வராவிட்டால் வேண்டாம்.

அசைவு உணரிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். உடம்பின் வெப்பம் நகர்வதை வைத்து வேலை செய்பவை. சுற்றுப்புற வெப்பம் உடம்பு வெப்பத்துக்குப் பக்கத்தில் வரும்போது, அதாவது இங்கே மத்தியான நேரத்தில், கொஞ்சம் மந்தமாகும். குறை என்று சொல்ல முடியாது, தெரிந்து வைத்துக்கொண்டால் போதும். பிரச்சினை உணரியில் இல்லை, செயலியில். அம்மா எப்போது எழுந்தார், எத்தனை முறை கழிவறை போனார், சமையலறையில் எவ்வளவு நேரம் நின்றார் என்று வரைபடமாகக் காட்டுகிறது. நான் வேலைக்கு நடுவில் அதைத் திறந்து திறந்து பார்த்தேன், பெர்த்தில் இருக்கும் என் அண்ணனும் பார்த்தார், இருவரும் சேர்ந்து இல்லாத நோயை எல்லாம் இருப்பதாக நினைத்துக்கொண்டோம். அம்மாவுக்கு இது தெரிய வந்தபோது ஒன்றே ஒன்று கேட்டார்: "நான் பாத்ரூம் போறத ஏன் பெர்த்ல இருந்து எண்ணணும்?" பதில் சொல்ல முடியாத கேள்வி. வரைபடத்தை அணைத்துவிட்டோம்.

அதற்குப் பதிலாக அம்மாவே ஒரு யோசனை சொன்னார், இந்த மொத்த ஏற்பாட்டிலும் எனக்குப் பிடித்தது அதுதான். சுவரில் ஒட்டும் சின்னப் பொத்தான் ஒன்று, இருபது வெள்ளி பெறும். அதைக் காப்பித்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறோம். காலையில் காப்பி கலந்ததும் அம்மா அதை அழுத்துவார், எங்கள் கைப்பேசிகளுக்கு "எழுந்தாச்சு" என்று செய்தி வரும். எட்டு மணிக்குள் வரவில்லை என்றால் எனக்கு நினைவூட்டல் வரும், நான் அழைப்பேன். அழைப்பை எடுக்கவில்லை என்றால் எதிர்வீட்டு மக்சிக்கை (மலாய்க்கார அம்மாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) அழைப்பேன். அவ்வளவுதான். உணரிகள் சொல்வதைவிட இது எனக்கு நிம்மதி, ஏனென்றால் இது அம்மா அனுப்புகிற செய்தி. ஊருக்குப் போனாலோ கோவிலுக்குச் சீக்கிரம் கிளம்பினாலோ முன்கூட்டியே சொல்லிவிடுவார். உணரிகள் இன்னும் இருக்கின்றன, பகலில் பல மணி நேரம் எந்த அசைவும் இல்லாவிட்டால் மட்டும் செய்தி அனுப்பும்படி மாற்றி வைத்திருக்கிறோம். அதற்கு அம்மா சம்மதித்தார், அதனால் இருக்கிறது.

அவசரப் பொத்தான் பற்றிக் கவனமாகப் படியுங்கள், இதில் ஏமாறுவது சுலபம். இணையக் கடைகளில் சிம் அட்டை போடும் பொத்தான்கள் மலிவாகக் கிடைக்கும். அவற்றில் பல பழைய 2ஜி, 3ஜி கட்டமைப்பில் ஓடுபவை. சிங்கப்பூரில் 2ஜி சேவை 2017லேயே நின்றுவிட்டது, 3ஜியும் 2024ல் முடிவுக்கு வந்துவிட்டது. அந்தப் பொத்தானை இங்கே எத்தனை முறை அழுத்தினாலும் யாருக்கும் போகாது. 4ஜியில் குரல் அழைப்பு போகுமா என்று கேட்டு, கடையிலேயே சிம்மைப் போட்டு அழைத்துப் பார்த்து வாங்குங்கள். தண்ணீர் பட்டால் தாங்குமா, ஒரு முறை மின்னேற்றினால் எத்தனை நாள் வரும் என்பதும் முக்கியம். கைக்கடிகாரம் கட்டிப் பழகியவர் என்றால் ஆப்பிள் வாட்ச் போன்றவற்றிலும் விழுந்ததைக் கண்டறியும் வசதி உண்டு. பலமாக விழுந்து ஏறத்தாழ ஒரு நிமிடம் அசைவில்லை என்றால் தானே அவசர உதவியை அழைக்கும். ஆனால் அதைத் தினமும் மின்னேற்ற வேண்டும், அம்மாவுக்கு அது ஒத்துவரவில்லை.

சுவரில் பொருத்தும் பொத்தானை நிறுவனத்து ஆள்கள் நெஞ்சு உயரத்தில் வைக்கப் பார்ப்பார்கள். விடாதீர்கள். விழுந்து கிடக்கிறவருக்கு அது எட்டாது. தரையில் இருந்து ஒரு முழ உயரத்தில் ஒன்று வேண்டும், அல்லது தரை வரைக்கும் தொங்குகிற கயிறு வேண்டும். நாங்கள் அம்மாவையே தரையில் படுக்கச் சொல்லி, கையை நீட்டச் சொல்லி, எட்டுகிற இடத்தில் பென்சிலால் குறித்து அங்கே ஒட்டினோம்.

அழுத்திய பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் எனக்குப் பெரிய ஏமாற்றம். மாதச் சந்தாவில் 24 மணி நேர அழைப்பு நிலையம் சேர்த்தி. சோதனைக்காக அம்மா அழுத்தினார். உடனே எடுத்தார்கள், அதில் குறை இல்லை. ஆங்கிலத்தில் பேசினார்கள், அப்புறம் மாண்டரினில் பேசினார்கள். அம்மாவுக்குக் கடைத்தெரு ஆங்கிலம் வரும், பக்கத்து வீட்டுக்காரர்களோடு மலாய் நன்றாகவே பேசுவார், ஆனால் வலியிலும் பயத்திலும் மனிதருக்கு வருவது தாய்மொழிதானே. இந்த நாட்டில் நான்கு அதிகாரத்துவ மொழிகள் இருக்கின்றன. முதியவர்களுக்கு என்றே நடத்துகிற ஓர் அவசரச் சேவையில் தமிழ் பேசும் ஒருவர்கூட இரவுப் பணியில் இல்லை என்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. இப்போதைக்கு அம்மாவின் பதிவில் ஒரு குறிப்பு எழுத வைத்திருக்கிறோம்: மணி வந்தால் முதலில் மகளை மூன்று வழி அழைப்பில் இணைக்க வேண்டும் என்று. அது வேலை செய்கிறது. ஆனால் அப்படி இணைக்க மகள் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்?

இந்த விஷயத்தில் வாடகை வீடுகளில் வசிக்கும் முதியோருக்கு வீவக பொருத்துகிற கம்பியில்லா எச்சரிக்கைப் பொத்தான் நல்ல யோசனை. முன்பு இழுத்தால் மணி அடிக்கிற கயிறு இருந்தது, அதற்குப் பதிலாக வந்தது இது. அழுத்திப் பேசினால் குரல் பதிவாகி அருகில் முதியோருக்கென்றே இயங்கும் 'துடிப்பாக மூப்படையும் நிலையத்தின்' ஊழியர்களுக்குப் போகும். அவர்களுக்கு அந்த முதியவரை முகம் தெரியும், எந்த மாடி, என்ன மொழி, என்ன நோய் என்று தெரியும். தனியார் அழைப்பு நிலையத்தில் இருப்பவருக்கு நம் அம்மா ஒரு எண்தான். சொந்த வீட்டில் இருப்பவர்களுக்கும் காசு கொடுத்தாவது இந்த ஏற்பாடு கிடைத்தால் நான் நாளைக்கே மாறிவிடுவேன். உங்கள் புளோக்குக்குப் பக்கத்தில் அப்படி ஒரு நிலையம் இருந்தால், கருவி எதுவும் வாங்காவிட்டாலும் அம்மா அப்பாவை அழைத்துக்கொண்டு போய் ஒருமுறை அறிமுகப்படுத்திவிட்டு வாருங்கள்.

வாசல் கதவுக்கு வருவோம். மணி அடிக்கிறது, மக்சிக் ஓடி வருகிறார், இரும்புக் கேட்டில் உள்பக்கம் பூட்டு தொங்குகிறது. இதை யாரும் யோசிப்பதே இல்லை! அம்மா ராத்திரி கேட்டுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைத் தலையணைக்கு அடியில் வைக்கிற ஆள். தீயணைப்புப் படை வந்து உடைத்துத்தான் உள்ளே வர வேண்டியிருக்கும். அதனால் கேட்டுக்கும் மரக்கதவுக்கும் மின்னிலக்கப் பூட்டு போட்டோம், இதுவும் தொகுப்புக்கு வெளியே வாங்கியதுதான். நான் பொங்கோலில் இருந்தே திறக்கலாம், மக்சிக்குக்குத் தனி எண் கொடுத்திருக்கிறோம். கைரேகையை நம்பாதீர்கள். வயதானவர்களுக்கு விரல் ரேகை தேய்ந்து போயிருக்கும், அதிலும் பாத்திரம் தேய்த்த விரலை அந்தப் பூட்டு அடையாளமே காணாது. அம்மா பணப்பையில் வைத்திருக்கும் அட்டையைக் காட்டித் திறக்கிறார், அது போதும். பேட்டரி தீர்ந்துவிட்டால் என்ன செய்வது என்று பயப்பட வேண்டாம், பெரும்பாலான பூட்டுகளின் அடியில் இரண்டு உலோகப் புள்ளிகள் இருக்கும், சதுரமான 9 வோல்ட் பேட்டரியை அதில் தொட்டுப் பிடித்துத் திறக்கலாம். மக்சிக் வீட்டில் ஒரு பேட்டரி கொடுத்து வைத்திருக்கிறோம்.

பேசும் ஒலிபெருக்கி அம்மாவுக்குச் சரிவரவில்லை. எங்களுக்கு வந்தது தமிழில் கட்டளை ஏற்காது. "லைட் ஆன்", "ஃபேன் ஆஃப்" வரைக்கும் சமாளித்தார், அதற்கு மேல் அதனிடம் மன்றாட அவருக்கு இஷ்டமில்லை. எழுந்து போய் சுவிட்சைப் போடுவது அவருக்கு நல்லதும்கூட.

ஆனால் அதே பொருளை என் மாமா வீட்டில் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. மாமா புக்கிட் பாத்தோக்கில் இருக்கிறார். இளவயதில் மோட்டார் சைக்கிள் விபத்தில் தண்டுவடத்தில் அடி, அன்றிலிருந்து சக்கர நாற்காலி, விரல்களில் பலம் கிடையாது. மாமி வேலைக்குப் போனால் வருகிறவரை வீட்டில் மின்விசிறியின் வேகத்தைக் குறைக்கக்கூட வழியில்லாமல் இருந்தவர். இப்போது விளக்கு, விசிறி, குளிர்சாதனம், திரைச்சீலை, தொலைக்காட்சி எல்லாம் அவர் குரலுக்கு நடக்கிறது. யார் மணி அடித்தாலும் திரையில் முகம் பார்த்து அவரே கதவைத் திறக்கிறார். ஆங்கிலம் சரளமாக வரும் என்பதால் மொழிச் சிக்கல் இல்லை. "வெயில் வந்தா திரைய மூடுறேன், போனா திறக்குறேன், அவ்வளவுதான்மா வேணும்" என்றார். வசதி, சொகுசு என்று நாம் விளம்பரத்தில் பார்க்கிற பொருள் அவருக்குக் கை.

அவருக்குச் சரியான வழி கிடைத்தது ரெட்ஹில் பக்கம் லெங்கோக் பாருவில் இருக்கும் எனேபலிங் வில்லேஜில். உடற்குறை உள்ளவர்களுக்காக 2015ல் திறந்த இடம். அதற்குள் டெக் ஏபல் என்று ஒரு பகுதி, உடற்குறை உள்ளவர்களுக்கு உதவும் எஸ்ஜி எனேபல், எஸ்பிடி என்ற இரண்டு அமைப்புகள் சேர்ந்து நடத்துவது. உடற்குறை உள்ளவர்களுக்கான துணைக் கருவிகளைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள், தொட்டுப் பார்க்கலாம், முயன்று பார்க்கலாம். விற்பனையாளர் அவசரப்படுத்தாத ஓர் இடத்தில் நின்று "இது என் கைக்கு முடியுமா" என்று பார்ப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று போனால்தான் தெரியும். துணைத் தொழில்நுட்ப நிதி என்று ஒன்று இருக்கிறது, தகுதி பெறுபவர்களுக்கு வருமானத்தைப் பொறுத்துக் கருவி விலையில் 90 விழுக்காடு வரை தருகிறார்கள், வாழ்நாளுக்கு 40,000 வெள்ளி வரை. 60 வயதைத் தாண்டிய முதியோருக்கு ஏஐசி எனும் ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பு வழியாக வேறொரு நிதி, மூத்தோர் நடமாட்டத்துக்கும் துணைக் கருவிகளுக்குமானது, அதிலும் 90 விழுக்காடு வரை உண்டு. எந்தக் கருவிக்குக் கிடைக்கும் எதற்குக் கிடைக்காது என்பதை வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். கடையில் காசு கட்டிவிட்டு வந்து கேட்டால் சிரமம்.

மாமா வீட்டில் ஒரு தொழில்நுட்பச் சிக்கல் வந்தது, பழைய வீட்டில் இருப்பவர்கள் எல்லாருக்கும் வரும், அதனால் சொல்கிறேன். ஸ்மார்ட் சுவிட்சுகளில் பலவற்றுக்கு நியூட்ரல் கம்பி, அதாவது மின்சாரம் திரும்பிப் போகிற கம்பி, வேண்டும். பழைய வீவக வீடுகளில் நிறைய சுவிட்சுப் பெட்டிகளில் அது வந்திருக்காது. நியூட்ரல் வேண்டாத வகையும் கிடைக்கிறது, ஆனால் அதில் எல்இடி விளக்கு அணைத்த பிறகும் மினுக்கலாம். சுவரை உடைத்துக் கம்பி இழுப்பதற்குப் பதில் சுவிட்சை அப்படியே விட்டு, விளக்கையே ஸ்மார்ட் பல்பாக மாற்றினோம். கம்பியைத் தொடுகிற வேலை என்றால் உரிமம் உள்ள மின்பணியாளரைத்தான் கூப்பிட வேண்டும், தெரிந்த பையன் செய்துவிடுவான் என்று விடாதீர்கள். கருவி வாங்கும்போது மேட்டர் முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். 2022ல் வெளிவந்த பொதுத் தரம் அது, வேறுவேறு நிறுவனக் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வழி செய்வது. நாளைக்கு ஒரு நிறுவனம் கடையை மூடினாலும் பொருள் உங்கள் வீட்டில் குப்பையாகிவிடாமல் இருக்க அது உதவும்.

கேமரா விஷயத்தில் எங்கள் குடும்பத்தில் சண்டையே வந்தது. அண்ணன் கூடத்தில் ஒன்றாவது வைக்க வேண்டும் என்றார். தூரத்தில் இருப்பவரின் கவலை எனக்குப் புரிகிறது. அம்மா ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார், அத்தோடு பேச்சு முடிந்தது, முடியத்தான் வேண்டும், அது அவர் வீடு. 2020ல் இங்குள்ள வீடுகளின் கேமராக்களில் இருந்து திருடிய காட்சிகள் ஆபாசத் தளங்களில் ஏறிய செய்தியை மறந்திருக்க மாட்டீர்கள். உங்கள் வீட்டில் பெரியவர் சம்மதித்து வைப்பதாக இருந்தால், சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்பின் பாதுகாப்பு முத்திரை உள்ளதா என்று பெட்டியில் பாருங்கள். நான்கு நிலைகள் உண்டு, கேமராவுக்கு மேல்நிலையில் இருப்பதையே தேர்ந்தெடுங்கள். தொழிற்சாலையில் போட்ட கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுங்கள்.

புகை எச்சரிக்கைக் கருவி புதிய வீடுகளில் 2018 ஜூன் முதல் கட்டாயம், அம்மாவின் வீடு பழையது என்பதால் நாங்களே வாங்கி மாட்டினோம். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டால் கத்துகிறது என்று பேட்டரியைக் கழற்றி வைத்துவிடுகிற வீடுகளை எனக்குத் தெரியும், தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். சாமி அலமாரியில் இருந்தும் அடுப்பில் இருந்தும் தள்ளி, படுக்கையறைக்குப் போகும் வழியில் மாட்டினால் சாம்பிராணிக்கு அடிக்காது.

இன்னும் சில நாளில் சந்தா புதுப்பிக்க வேண்டும். கூடத்து ராடாரையும் ஒலிபெருக்கியையும் நீக்கி மலிவான தொகுப்புக்கு மாறப்போகிறோம், அது முடியாது என்று முதலில் சொன்னார்கள், எழுத்தில் கேட்டதும் முடியும் என்றார்கள். குளியலறை ராடார், பொத்தான்கள், காலைச் செய்தி எல்லாம் தொடரும். அழைப்பு நிலையத்தை மட்டும் மாற்ற ஆசை. இரவு நேரத்திலும் தமிழில் பதில் சொல்ல ஆள் வைத்திருக்கிற நிறுவனம் எதையாவது நீங்கள் பயன்படுத்தியிருந்தால் பெயரையும் மாதக் கட்டணத்தையும் கீழே எழுதுங்கள், அம்மாவும் நானும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழைத்துப் பார்க்கிறோம்.